மாசிலாமணியும் ஜெயசீலனும் ஒரே ஆள்

தகப்பனும் மகனும் ஒரே ஆள் என்று திருவாக்குபுரம் கோவிலின் சேகரக் கமிட்டி தீர்மானம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கெத்சீயாள் சாப்பாட்டில் ஒரு தட்டைக் குறைத்துக்கொண்டாள். மாமனார் மாசிலாமணி உட்கார்ந்து பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அதே இடத்தில், அதே தட்டில், அவர் மகனும் கெத்சீயாளின் புருஷனுமான ஜெயசீலன் உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டான். எச்சில் என்ற பேச்சே எழவில்லை. தன் எச்சில் தனக்கே எச்சிலாகுமா? தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கழுவுகிற பாத்திரம் குறைந்ததில் பெண்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

கமிட்டி கூடியது வீட்டுத் தகப்பன்மாரைப் பற்றிப் பேச அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கோவில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசத்தான் கூடினார்கள். கூரையைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் தெரியாததால், கடவுளும் இயேசுவும் ஒருவரா இருவரா என்று பேசினார்கள். அதைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

ஒருவர்தான் என்றார் கமிட்டிச் செயலாளர் ஞானதிரவியம். மரக்கடைக்காரர். எந்த விவகாரத்தையும் இழைத்துத் தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர். இருவர் என்றார் உபதேசியார் நவமணி.

“ஒரே ஆளுன்னா, சாகுறதுக்கு முந்தின ராத்திரி இயேசு தோட்டத்துல முழங்கால் போட்டு யாருகிட்ட வே ஜெபம் பண்ணுனாரு? தன்கிட்டயேவா?”

“ஏன், நீரு சவரம் பண்ணும்போது கண்ணாடியப் பாத்துப் பேசுறதில்லையா?”

நவமணி தாடி வைத்திருந்தார். அதனால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போய்த் தனிச் சபையாகக் கொட்டகை போட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே சுவிசேஷத்தைத்தான் கக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒருவர் விரல் வைத்த பக்கத்தை மற்றவர் கடைசிவரை திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது புரிந்து தொலைக்கும்.

மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம் என்று இருக்க முடியாது என்றார் ஞானதிரவியம். பரலோகத்தில் தகப்பனும் மகனும் ஒன்று என்றால் திருவாக்குபுரத்திலும் ஒன்றுதான். தெற்குத் தெருவிலும் அதே ஒழுங்குதான், தலைகீழாக. அங்கே தகப்பனும் மகனும் முற்றிலும் வேறு வேறு. காலையில் எழுந்ததும் தகப்பன் மகனைப் பார்த்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்று கேட்பார். மகன் மரியாதையாக ஊரைச் சொல்லுவான். “அப்படியா, எனக்கும் அதே ஊருதான்” என்று தகப்பன் சந்தோஷப்படுவார்.

கெத்சீயாளின் வீட்டில் இந்த ஏற்பாடு ஜெயசீலனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. விடியுமுன் மாசிலாமணி முருங்கைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். அவர் போனால் ஜெயசீலன் போனதாகத்தானே கணக்கு? வெயில் சன்னலுக்கு வந்த பிறகும் அவன் பாயில் புரண்டு, “இன்னைக்குத் தோட்டத்துல பெண்டு கழண்டுபோச்சு” என்று சோம்பல் முறிப்பான். பொய் சொல்லுகிற முகமே இல்லை. அவ்வளவு விசுவாசம்.

அப்படியானால் கெத்சீயாள் மாசிலாமணிக்கு மருமகளா, வேறு ஏதாவதா என்ற கேள்வி ஒரு கூட்டத்தில் எட்டிப் பார்த்தது. போதகர் இருமினார். அது மறைபொருள் என்றார் ஞானதிரவியம். கமிட்டிக்கு விளங்காத இடத்திலெல்லாம் அந்தச் சொல்லைப் போட்டு மூடிவிடுவது வழக்கம். கெத்சீயாள் பழையபடி மாமா என்றே கூப்பிட்டு வந்தாள். அவரும் பழையபடி தலையைக் குனிந்துகொண்டே பேசி வந்தார்.

அந்த மனிதர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் சாப்பிட்டு எழும்போது, குழம்பில் கிடந்த மீனில் நல்ல துண்டாக ஒன்றைத் தட்டின் விளிம்புக்கு ஒதுக்கி வைத்துவிட்டுப் போவார். கடைசியில் சாப்பிடுகிற கெத்சீயாளுக்கு. அத்தை இருந்த காலத்தில் அத்தைக்கு ஒதுக்கினாராம். பின்னால் உட்காருகிற ஜெயசீலன் பாதி நாள் அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். அப்பனும் மகனும் ஒன்று என்பதில் கெத்சீயாளுக்கு இருந்த ஒரே சந்தேகம் அந்த மீன்துண்டுதான். அதைக் கமிட்டியில் சொல்ல முடியாது. அவர்கள் மீனுக்கும் ஒரு தீர்மானம் போடுவார்கள்.

மழை வரப்போகிற ஒரு காலையில் மாசிலாமணி முருங்கை மரத்தடியில் வாய்க்காலைத் திருப்பிவிட்டு உட்கார்ந்தார். அப்படியே செத்துப்போனார். தண்ணீர் சரியாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் அத்தையின் குழிக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், ஒரு ஆள் இடம் சும்மா கிடந்தது. “என்னைய அங்கனதான் போடணும் தாயி. அவ தனியாக் கிடக்கா” என்று அவர் சொல்லியிருந்தார். அவர் கெத்சீயாளிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான். அழுகையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் மரக்கடைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, மாமா போயிட்டாவ. அத்தை பக்கத்துல குழி வேணும்.”

ஞானதிரவியம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உச்சுக்கொட்டினார். “ஜெயசீலன் எப்போ போனான்?”

“அவிய வீட்டுல காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காவ.”

“அப்போ மாசிலாமணி சாகலையேம்மா.”

கமிட்டி கூடிற்று. மாசிலாமணியை வீட்டு முன்னறையில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கோவிலைப் பெருக்கி மணியடிக்கிற கோவில்குட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். செத்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை அடி துக்கமணி அடிப்பது ஊர் வழக்கம். யார் வயசுக்கு அடிக்க என்று அவன் கேட்டான். ஒரே ஆள் என்பதால் இரண்டு வயசையும் கூட்டி அடிக்கச் சொன்னார்கள். நூற்றைத் தாண்டியும் மணி நிற்கவில்லை. கேட்டவர்களெல்லாம் கல்யாணச் சாவு என்றார்கள்.

குழி விஷயம்தான் இழுத்தது. மாசிலாமணி செத்தது உண்மை என்றால் ஜெயசீலனும் செத்தவன். இருவரையும் சேர்த்து அடக்க வேண்டும் என்றது ஒரு பக்கம். ஜெயசீலன் உயிரோடிருப்பது உண்மை என்றால் மாசிலாமணியை அடக்குவது கொலை என்றது இன்னொரு பக்கம். தகப்பன் சாகவே முடியாது, செத்தது மகன் மட்டும்தான் என்று ஒருவர் ஆரம்பித்தார். அது தெற்குத் தெருப் பேச்சு என்று அவரை உட்காரவைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஒழுகுகிற இடத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பேசினார்கள். கடைசியில் இருவரையும் சேர்த்து அடக்குவது என்று முடிவாயிற்று.

ஜெயசீலன் கோபப்படவில்லை. “கமிட்டி சொன்னா சரிதான்” என்று பெட்டிக்கு அளவு கொடுக்கப் போனான். மரக்கடையில் ஒரு பெட்டிக்குள் படுத்துப் பார்த்து, தோளுக்குக் கொஞ்சம் இடம் போதாது, மற்றபடி சுகம் என்றான். படுக்கிற காரியத்தில் அவன் எப்போதும் குறை சொன்னதில்லை.

அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் கெத்சீயாளின் புருஷன். தவிர, அந்த இடம் ஒரு ஆள் இடம். ஜெயசீலனையும் போட்டால் அத்தையின் பக்கத்தில் அவன்தான் கையைக் காலை நீட்டிக்கொண்டு கிடப்பான். மாமா ஓரத்தில் ஒடுங்குவார். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மழையோடு மழையாகத் தெற்குத் தெருவுக்குப் போனாள்.

நவமணி உபதேசியார் நாற்காலி போட்டு அன்பாக விசாரித்தார். “செத்த பெரியவருக்கு நீங்க யாரும்மா?”

“மருமக.”

“எப்படி?”

“அவிய மகனுக்கு வாக்கப்பட்டிருக்கேன்.”

“மகன் அவருக்கு யாரோ ஒருத்தர். நீங்க யாரோ ஒருத்தர் வீட்டம்மா. யாரோ ஒருத்தர் வீட்டம்மா கொண்டாந்தா நாங்க பிணத்த வாங்க முடியாது.” அவர் வருத்தத்தோடு தாடியைத் தடவினார். “அநாதைப் பிணமா வாசல்ல வச்சிட்டுப் போனா எடுத்துக்கிடுவோம். யாரும் அழக் கூடாது.”

மாமாவை அநாதையாகப் போட அவள் தயாராக இல்லை. திரும்பி வருகிற வழியில், மழையில் நின்று, ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே கோவிலுக்குள் நுழைந்தாள். கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருந்தது. பெட்டியில் யார் தலை எந்தப் பக்கம் என்பது விவாதம்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மாமாவும் அவியளும் ஒரே ஆளுதானே?”

“அதுல என்னம்மா சந்தேகம்?” என்றார் ஞானதிரவியம்.

“ஒரு ஆளுக்கு எத்தன தடவ மண்ணு போடுவிய?”

“ஒரு தடவ.”

“அப்போ மாமாவ இறக்கி மண்ணு போட்டா அந்த ஆள அடக்கியாச்சு. அதுக்கு மேல அவியளையும் இறக்கணும்னு சொன்னா, நீங்க ரெண்டு ஆளுன்னுல்லா எண்ணுதிய?”

ஞானதிரவியம் ஒழுகுகிற இடத்திலிருந்து நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கமிட்டியில் சிலர் தங்களை அறியாமல் தெற்குத் தெருப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரெண்டுன்னு நான் எங்க சொன்னேன்?” என்றார் ஞானதிரவியம். “நான் அப்பவே ஒரு பெட்டிதான்னு சொன்னேன்.”

மழை விட்ட பிறகு மாசிலாமணியை அத்தையின் பக்கத்தில், வேப்பமரத்தடியில், தாராளமாகக் கையைக் காலை நீட்டிப் படுக்கவைத்தார்கள். சிலுவையில் இரண்டு பெயரையும் எழுதினார்கள். ஜெயசீலன் தன் அடக்கத்துக்கு வந்தவர்களையெல்லாம் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றான். பாட்டுகளை உரக்கப் பாடினான். ஆராதனை முடிந்ததும், தனக்காகச் சிரமம் பாராமல் வந்த எல்லாருக்கும் நன்றி சொன்னான். அன்று சாயங்காலம் கெத்சீயாளுக்கு வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். “மனசத் தேத்திக்கோ” என்றான். அவள் உடுத்திக்கொண்டாள். அழுகை அவளுக்கு மாமாவை நினைத்துத்தான் வந்தது. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் புருஷனுக்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஜெயசீலனும் அப்படித்தான் நினைத்துப் பெருமைப்பட்டான்.

மூன்றாம் நாள் காலையில் கமிட்டி பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. ஜெயசீலன் குளித்து, புது வேட்டி கட்டி, வேப்பமரத்தடியில் நின்றான். மகன் எழுந்தால் தகப்பனும் எழுந்தது போலத்தான் என்றார் ஞானதிரவியம். அங்கேயே ஒரு பாட்டுப் பாடினார்கள். கல்லறையைத் திறந்து பார்ப்பது அவிசுவாசம் என்று மண்ணைத் தொடாமல் திரும்பினார்கள். மாமா கலைக்கப்படாமல் கிடந்ததில் கெத்சீயாளுக்குப் பெரிய ஆறுதல். வெள்ளைச் சேலையை மடித்து வைத்தாள். மழை விட்டதும் அடித்த வெயிலில் முருங்கைதான் வாடத் தொடங்கியிருந்தது. தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆள் இப்போதுதான் உயிர்த்தெழுந்திருக்கிறான், அலுப்பு இருக்காதா என்று ஜெயசீலன் பாயை விரித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மறுபடியும் கூரையைப் பற்றிப் பேசக் கூடிற்று. பிதாவும் குமாரனும் ஒன்று என்றாகிவிட்டது, மூன்றாமவராகிய பரிசுத்த ஆவியை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். அந்த நேரத்தில் கூரை ஓட்டை வழியாக ஒரு புறா, வேதத்தில் ஆவியானவர் இறங்குவது போலவே, இறங்கி மேஜைமேல் நின்றது. அதுவும் ஒன்றுதான் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

மத்தியானம் அந்தப் புறா மாசிலாமணி வீட்டுக்குப் போயிற்று. சாளைமீன் குழம்பு. கெத்சீயாள் ஒரே தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள். ஜெயசீலன் முந்திக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவப் போனான். புறா வந்து தட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே, கொஞ்சம் சோறு தின்றது.

“குழம்பு ஊத்தட்டுமா?” என்று கேட்டாள் கெத்சீயாள்.

அது வேண்டாம் என்பதுபோல நகர்ந்தது. மீதிக் கிடந்த மீனில் நல்ல துண்டாக ஒன்றை அலகால் தள்ளித் தள்ளித் தட்டின் விளிம்புக்குக் கொண்டுவந்து வைத்தது. பிறகு சன்னல் வழியாக முருங்கைத் தோட்டத்தின் பக்கம் பறந்தது. தண்ணீர் பாய்ச்சுகிற நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

“வாய்க்கால் அடைச்சிருந்தா மம்பட்டி கதவுக்குப் பின்னால இருக்கு மாமா” என்று சன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, கெத்சீயாள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.