இருப்பில் இல்லாத சிரிப்பு

தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். டிவி தொடரில் அவருக்கு அதுதான் வேடம். கூட்டுக் குடும்பம், பெரிய ஹால், நடுவில் ஒரு நாற்காலி, அதில் அவர். அதற்கு முன்னால் முப்பது வருஷம் சினிமாவில் நீதிபதி, டாக்டர், தலைமை ஆசிரியர், பெண்ணைக் கொடுக்க மறுக்கும் அப்பா என்று காலம் தள்ளியவர். முகம் ஊருக்கே தெரியும், பேர் ஒருத்தருக்கும் தெரியாது. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. வேலை வந்துகொண்டிருந்தால் போதும் என்கிற ரகம்.

வினை முழங்கால் வழியாக வந்தது. ஆபரேஷனுக்காக ஒரு மாதம் லீவு கேட்டார். தொடரின் டைரக்டர் அம்மா கெட்டிக்காரி. "தாராளமா போய்ட்டு வாங்க சார். போறதுக்கு முன்னாடி கொஞ்சம் ரியாக்‌ஷன் மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார். நாற்காலியில் உட்கார வைத்து, சட்டை மாற்றி மாற்றிக் காமிராவை ஓட்டினார்கள். இடது பக்கம் பார்த்து அதிர்ச்சி, வலது பக்கம் பார்த்து அதிர்ச்சி, கோபம், பெருமூச்சு, கண் கலங்கல், யோசித்துத் தலையாட்டல், யோசிக்காமல் தலையாட்டல். எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

முழங்கால் ஆறியது. கூப்பிடத்தான் ஆளில்லை. ஆனால் தொடரில் அவர் தினமும் வந்துகொண்டிருந்தார்! தம்பி மகள் அழுதால் கண் கலங்கினார். வில்லி கத்தினால் பெருமூச்சு விட்டார். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து, எதற்கும் தலையாட்டினார்.

"நான் பேசும்போது ஒரு தடவையாவது இப்படித் தலையாட்டியிருக்கீங்களா?" என்றார் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இல்லாததைச் சேனலும் கவனிக்கவில்லை, பார்க்கிற ஜனமும் கவனிக்கவில்லை. இவ்வளவுதானா நாம் என்று நெஞ்சு சுட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம், வேறு வேலையும் வரவில்லை. சினிமா மேனேஜர்களைக் கேட்டால், "உங்களுக்குத்தான் தினமும் ஷூட்டிங் ஆச்சே அண்ணே" என்றார்கள். வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொன்னால், "நேத்துகூடப் பார்த்தேனே!" என்று சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஓடிப்போன மகனைத் தேடி ஊர் ஊராக அலையும் பழைய லாரி டிரைவர். படம் முழுக்க அவர்தான். நிற்க, நடக்க, சண்டை போட, வாய் ஓயாமல் பேச வேண்டிய பாத்திரம். இப்படி ஒன்று அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

"டைரக்டருக்கு நீங்கதான் வேணும் அண்ணே" என்றார் அந்தப் படத்தின் மேனேஜர். "ஆனா உங்களை விட்டுட்டோம்னு சீரியல்காரங்க ஒரு வார்த்தை சொல்லணும். நாளைக்குத் தேதி மோதிச்சுன்னா என் தலைதான் உருளும். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள அவங்க போன் வரலைன்னா, ரெண்டாவதா பார்த்து வெச்ச ஆளைப் போட்டுருவாங்க."

டைரக்டர் அம்மாவுக்குப் போன் மேல் போன் போட்டார். அவர் எடுத்தால்தானே!

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மாவே கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. "சார், சின்ன உதவி. இன்னைக்கே ஒரு சிரிப்பு வேணும்."

சங்கதி இதுதான். கதையில் தம்பி மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வீட்டில் நடக்கிற முதல் நல்ல காரியம். பெரியப்பா சிரித்தாக வேண்டும். இருப்பைத் துழாவினால் அதிர்ச்சி மட்டும் கூடை கூடையாக இருக்கிறது, சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை. அந்த வீட்டுக்குச் சிரிப்பு தேவைப்படும் என்று யார் கண்டார்கள்?

"இதுதான் சமயம்" என்றார் மனைவி. "முதல்ல அவங்க போன் பண்ணணும். அப்புறம்தான் நீங்க பல்லைக் காட்டணும். புரியுதா?"

"நான் என்ன பச்சைக் குழந்தையா?"

செட்டில் அவர் நாற்காலியில் ஒரு தலையணை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தம்பி மகளாக நடிக்கும் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளா இதைப் பார்த்துத்தான் சார் அழுதுட்டு இருந்தேன். இது தலையைக்கூட ஆட்டாது."

அவர் நேரே டைரக்டர் அம்மாவிடம் போனார். படத்தைச் சொன்னார், மேனேஜர் கேட்டதைச் சொன்னார். "முதல்ல போன் மேடம். அப்புறம்தான் சிரிப்பு."

"அவ்வளவுதானே சார்? பெரியப்பாவை வெளியூர் அனுப்பிடறேன். ஷாட் முடிஞ்சதும் பேசிடறேன்."

இல்லை, இப்பவே பேசுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விளக்குகள் எரிந்தன. அந்தப் பெண் ஒத்திகைக்காக எதிரில் மண்டியிட்டு, "பெரியப்பா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றாள். எதிரே ஒரு உயிருள்ள முகம் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு, குரல் நிஜமாகவே தழுதழுத்தது. அவர் முகம் அவரைக் கேட்காமலே மலர்ந்துவிட்டது.

ஒத்திகையையே காமிராவில் பிடித்துவிட்ட டைரக்டர் அம்மா, "ஓகே சார், போதும்" என்றார்.

"எங்க போதும்? இது விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு மேடம். இன்னொண்ணு எடுங்க."

உதடு அசையுமுன் கண்ணில் தொடங்குகிற சிரிப்பு ஒன்று கொடுத்தார். அழுகையை அடக்குகிற சிரிப்பு ஒன்று. பெருமையை மறைக்கப் பார்த்து மாட்டிக்கொள்கிற சிரிப்பு ஒன்று. செட்டே கை தட்டியது. "இடது பக்கமும் பார்த்துக் குடுங்க சார்" என்றார் டைரக்டர் அம்மா. இவர் வேண்டாம் என்றா சொல்வார்? நீலச் சட்டையிலும் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டது மட்டும் சாட்சாத் நம்மவர்தான்.

வீட்டுக்கு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"போன் பண்ணிட்டாங்களா?" என்றார் மனைவி.

முணுமுணுப்பு நின்றது. வாசலிலேயே நின்றுவிட்டார். "மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா? எத்தனை சிரிப்பு குடுத்தீங்க?"

"ஒரு இருபது இருக்கும்."

"நுணலும் தன் வாயால கெடும்பாங்க. நீங்க பல்லால கெட்டீங்க."

அவசரமாக டைரக்டர் அம்மாவுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். "நீங்க சொன்னா செல்லாது அண்ணே, அவங்க சொல்லணும்" என்றார் அவர். இருட்டுகிற வரை இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில் மேனேஜரே கூப்பிட்டு, அந்த இரண்டாவது ஆள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

மனைவி அதற்கு மேல் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சிரிப்பு நல்லாவாவது வந்துச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா வந்துச்சு" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.