குழாய் சத்தம்

என் தம்பி எங்கள் குளிர்பதனக் கிடங்குக்கு முதலாளி. கிடங்கு தரைத்தளத்தில், அவன் அறை ஐந்தாவது மாடியில். அப்பா போன பிறகு கிடங்குக்குள் அவன் காலடி பட்டதில்லை. நான் கீழே பெட்டி கட்டும் பெண்களுக்கு மேற்பார்வை; வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம்.

குளிரறைக்குள் போகிறவர்கள் தங்கள் துண்டை வெளிக்கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்கள். கொக்கியில் துண்டு இல்லையென்றால் உள்ளே ஆளில்லை, கதவைச் சாத்தலாம். உள்பக்கக் கைப்பிடிதான் எப்போதோ உடைந்துவிட்டதே, வேறு என்ன செய்வது?

போன வருஷம் ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிடும் நெட்டைச் சுமைதூக்கியின் துண்டு நழுவிக் கீழே விழுந்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் அவனைப் பிணமாகத்தான் எடுத்தோம்.

அதற்கப்புறம் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. திறந்தால் யாரும் இல்லை. மாடியேறிப் போய்த் தம்பியிடம் சொன்னேன்.

“அது குழாய் சத்தம்க்கா. சும்மா கதவைத் திறந்து குளிரை வீணாக்க வேணாம்னு சொல்லு.”

“அப்ப கைப்பிடி?”

“அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான்டா தெரியும். ஒரு நாள் வந்து உள்ள நின்னு பாரு.”

அவன் முகம் சுருங்கியது. ரோஷக்காரன் அவன்.

அந்த வாரமே ஒரு காலையில் மறுபடி தட்டும் சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “குழாய் கூப்பிடுது,” என்று ஒரு சுமைதூக்கி சிரித்தான். ஆனால் அன்றைக்குச் சத்தம் நிற்கவே இல்லை. பெட்டிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை ஓடவில்லை.

அப்போதுதான் தம்பியின் டிரைவர் வந்தார். “ஐயா எங்கம்மா? குளிரறையைப் பாத்துட்டு வரேன்னு நீங்கல்லாம் டீ குடிக்கப் போனப்பவே உள்ள வந்தாரே.”

கொக்கியைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. துண்டு மாட்ட வேண்டும் என்று மாடியில் இருப்பவனுக்கு யார் சொன்னார்கள்? துண்டு இல்லையென்று நாங்களேதான் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

கதவைத் திறந்தோம். வாசலில் ஆளில்லை. கோடியில், மூட்டைகளுக்கு நடுவே, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் தம்பி உட்கார்ந்திருந்தான். புருவமெல்லாம் உறைபனி. தூக்கி வந்து வெளியே போட்டுப் போர்த்தினோம்.

“படுபாவி, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா?” எனக்கு அழுகை வந்துவிட்டது. “எவ்வளவு நேரம் தட்டினியோ. கேட்டுக்கிட்டே இருந்தோமேடா.”

“நான் எங்கக்கா தட்டினேன்?” அவன் பற்கள் தந்தியடித்தன. “என்னால எழுந்திரிக்கவே முடியல. அந்த உசரமான ஆள்தான் கதவுகிட்ட நின்னு விடாம தட்டினாரு.”

என் தம்பி ஒட்டடைக்குச்சியைப் பார்த்ததே கிடையாது.

ஒருவன் பழக்கத்தில் கதவைத் தள்ளப் போனான். தம்பி தள்ளாடி எழுந்தான். கழுத்திலிருந்த டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான்.

“சாத்தாதீங்க. அவர் இன்னும் வெளிய வரல.”

குளிர் வழிந்து எங்கள் கால்களைத் தொட்டது. கதவை யாரும் சாத்தவில்லை.