பின்சுவரில் நான் வைத்த கதவு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது வெட்கக்கேட்டில் பிறந்த கதை. அதை மறைக்க நாலு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். "திருத்தங்கலுக்கு மேற்கே தொண்ணூறு வருஷத்துத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று கம்பீரமாக—" கம்பீரமாவது மண்ணாவது. அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அந்தத் தீப்பெட்டித் தொழிற்சாலைக் கட்டடம் போன பங்குனியில் தீப்பிடித்து இடிந்தது. ஏழு பேர் போனார்கள். பழைய கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக எழுப்பித் தருவது என் தொழில். நினைவுக்கு வேண்டும் என்று தொழிற்சாலை முதலாளி கேட்டார். அவர் தந்த போட்டோக்களில் பின்சுவர் மட்டும் இல்லை. முன்சுவரையே திருப்பிப் பின்னால் ஒட்டினேன். அதில் இருந்த கதவும் கூடவே வந்தது. தெரியாத பக்கத்துக்கு எல்லாரும் செய்வதுதான்.*

* எல்லாரும் செய்வதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் ஆமத்தூரில் இருந்தார்கள். பஸ் ஏறிப் போய்க் கேட்டிருக்கலாம். சோம்பல்.

2

விபத்து விசாரணையில் கம்பெனி என் மாடலைத்தான் போட்டுக் காட்டியது. கதவு இரண்டு, தப்பிக்க வழி இருந்தது, பதறியவர்கள் மேல்தான் தப்பு என்றார்கள்.

அய்யம்மாள் என் கடைக்கு வந்தார். அந்த ஏழு பேரில் ஒருத்தி அவர் மகள் பாண்டிச்செல்வி. [இங்கே அவரை அழ வைத்திருந்தேன். அவர் அழவில்லை. அழுதது நான், அவர் போன பிறகு.] மாடலைக் காட்டச் சொன்னார். சுற்றிக் காட்டினேன். பின்பக்கம் வந்ததும் திரையில் விரலை வைத்தார்.

"ஏம்மா, இங்கன வெறுஞ்சுவருதான? வழி இருந்தும் ஓடத் தெரியாதவளாம் எம்மக."

தெரியாமல் வைத்துவிட்டேன் என்றேன்.

"அத வியாழக்கிழம ஆபீசர்கிட்ட வந்து சொல்லுவீகளா?"

சொல்கிறேன் என்றேன். அதே முதலாளியின் அடுத்த ஆர்டர் என் கையில் இருப்பதைச் சொல்லவில்லை. சீ, நானும் ஒரு மனுஷி.

3

முடிவு ஒன்று: முஹ்சினாவாகிய நான் விருதுநகரில் விசாரணைக்குப் போய், எல்லார் முன்னாலும், "அந்தக் கதவு இல்லவே—" (எழுத எம்புட்டு சுகமாக இருக்கிறது. அடித்தேன்.)

முடிவு இரண்டு: வியாழக்கிழமை காலையில் எனக்குக் காய்ச்சல் வருகிறது. (அடிக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதைத்தான் நம்புவார்கள்.)

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் தலையில் கட்டிவிட்டு எழுதியவர் நழுவிவிடுவார். எனக்கும் ஆசைதான். ஆனால் உங்களுக்கு எதற்கு அந்தப் பாவம்? நீங்கள் படிக்கும்போது அந்த வியாழன் போயிருக்கும். நான் போனேனா என்று அய்யம்மாளிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டால் கதைதான் சொல்வேன்.