அம்மை வீட்டில் மாத்திரை

ஐஸ்பெட்டியின் வயரைப் பிடித்துக்கொண்டு செம்மல் சுவர் சுவராக அலைந்தான். எந்த ப்ளக்கில் சொருகினாலும் பெட்டி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. ஃபேனைக்கூட இரண்டுக்கு மேல் வைக்க விடாத அம்மா பொன்னுத்தாய், கரண்டு செலவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

"தம்பி, ஒரு நிமிசம்" என்றார் அப்பா பிச்சை.

"எலெக்ட்ரீசியனப் பாத்துட்டு வாரேம்ப்பா."

சாமியானா, சேர், டீ கேன், மாலை என்று காலையிலிருந்து ஓட்டம். கறம்பக்குடியில் இப்படியொரு பொறுப்பான பிள்ளையா என்று பந்தலில் வியந்தார்கள். அப்பா கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்து ஓடுகிறான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

வந்தவர்கள் என்ன நோய் என்றார்கள். மூளையின் ரத்தக்குழாய்களில் ஒருவகைப் புரதம் படிந்து, அதனால் குழாய்கள் அழன்று வீங்கும் என்று முதலில் வந்தவருக்கு விளக்கினான். "சுகர் இருந்துச்சா?" என்றார் அவர். அதன்பிறகு எல்லோருக்கும் "மூளையில வீக்கம்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

தை மாதம் அம்மா, "நீங்க யாருங்க, எந்த ஊரு?" என்று அப்பாவை விசாரித்தாள். கல்யாணமான நாளாக ஒருமையில் திட்டு வாங்கியவர், அந்த மரியாதையில்தான் பயந்துபோனார். அடுத்து வலிப்பு வந்தது. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் ஊதினாலும் நினைவு திரும்பியது; திட்டும் திரும்பியது. மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், பட்டென்று நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர்.

பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டது. நிலைப்படியில் வேப்பிலை சொருகினார்கள். ஆத்தா இறங்கியிருக்கும் வீட்டில் மருந்து ஆகாது என்று அப்பா எல்லா மாத்திரையையும் பரணில் ஏற்றிவிட்டார். திருச்சி ஹாஸ்டலில் இருந்த செம்மலை வர வேண்டாம் என்றவர்கள், மாத்திரை விஷயத்தைச் சொல்லவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு மறுபடி வலிப்பு. இந்த முறை மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது.

அம்மாவைக் குளிப்பாட்டும் தண்ணீருக்காக, நீர்மாலை எடுக்க ஊருணிக்குப் போனார்கள். நிறைகுடத்தைத் தோளில் ஏற்றிய பிறகு இறக்கிவைக்கக் கூடாது, ஓடவும் முடியாது. அப்பா பக்கத்தில் வந்து நடந்தார்.

"நாந்தாண்டா நிறுத்துனேன். ஆத்தா கோவிச்சுக்குமேன்னு. அதுனாலயா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் செம்மலைத் தனியே கூப்பிட்டு முதலில் கேட்டதே, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்றுதான்.

"இல்லப்பா."

"டாக்டரு சொன்னாரா?"

"சொன்னாரு. மாத்திரை போட்டுருந்தாலும் இதேதானாம்."

அப்பா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு நடந்தார்.

பந்தலுக்குத் திரும்பியதும் முதல் வரிசையில் இருந்தவரிடம் அவர் அதைச் சொன்னார். அங்கிருந்து அது சேர் சேராக நகர்ந்து பெண்கள் பக்கம் போனது. கடைசியில் அப்பாவின் அக்கா இருளாயி வந்து செம்மலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனச விட்ராத சாமி. மாத்திரை போட்டுருந்தாலும் இதேதான்னு டாக்டரே சொல்லிட்டாராமுல்ல."

"ஆமாத்தே."

எலெக்ட்ரீசியன் ஓடவைத்துப்போன பெட்டியிலிருந்து குளிப்பாட்டத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். செம்மல் தலைமாட்டுக்குப் போனான். கால்மாட்டில் அப்பா நின்றார்.

"தலை பத்தரம்டா" என்றார்.

செம்மல் அம்மாவின் தலைக்கடியில் கையைக் கொடுத்தான். முடி ஈரமாக, சில்லென்று இருந்தது.