ஓடையில் கரைந்த டிரைவர்

அந்த வருஷம் காட்டோடையில் வந்த நைட்ரேட் உப்பில் ஒரு பங்கு மழையிலிருந்தும், ஒரு பங்கு மண்ணிலிருந்தும், மீதி உயிரோடு இருந்த ஒரு பஸ் டிரைவரின் உடம்பிலிருந்தும் வந்தது. கண்டுபிடித்தவள் அவருடைய மனைவி. தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. நைட்ரஜனில் லேசானது உண்டு, கொஞ்சம் கனமானதும் உண்டு. இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று பார்த்து, அந்த உப்பு வானத்திலிருந்து விழுந்ததா, மண்ணுக்குள் விளைந்ததா என்று இயந்திரம் சொல்லிவிடும். இயந்திரம் புதிதாக வந்தபோது அதைச் சோதிக்க ஆளாளுக்கு வீட்டிலிருந்து தலைமுடி கொண்டுவந்தார்கள். அவள் புருஷனின் சீப்பிலிருந்து எடுத்துப் போயிருந்தாள். அவளோடு ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்றும் அவருடைய அளவு மட்டும் யாரோடும் ஒட்டவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். இப்போது அதே அளவு ஓடைத் தண்ணீரில் வந்து நின்றது.

"உன் வீட்டுக்காரர் ஓடைப் பக்கம் ஒதுங்குறாரா?" என்று கேட்டார் அவளுடைய மேலதிகாரி அம்மாள்.

"பஸ்ஸை விட்டா வீடு, வீட்டை விட்டா பஸ். அவருக்குக் காடு எந்தப் பக்கம்னே தெரியாது மேடம்."

புட்டிகளை மறுபடி கழுவினார்கள். அந்த அம்மாளே போய்த் தண்ணீர் எடுத்துவந்தார். டிரைவரின் பங்கு கூடித்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் புருஷனை உற்றுப் பார்த்தாள். சோபாவில் உட்கார்ந்திருந்தார், மெத்தை அமுங்கவே இல்லை.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி பாக்குற? தொப்பை கரையட்டும்னு நீதானே நச்சரிச்ச."

பயப்படாமல் கேளுங்கள் கண்ணுகளா, உங்களுக்கும் சேர்த்து அவளே பயந்துவிட்டாள். இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் இரண்டிலும் தண்ணீர் எடுத்துப் பார்ப்பது, எந்தக் கிளையில் சரக்கு இருக்கிறதோ அதிலேயே மேலே ஏறுவது: அதுதான் அவர்கள் தடம் பிடிக்கும் முறை. அப்படியே மாதக்கணக்கில் ஏறினாள். அதற்குள் காற்றடித்தால் அவர் கதவைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். கடைசிக் கிளை, புயலில் மரங்கள் சாய்ந்த ஒரு சரிவில், ஓர் ஊற்றில் போய் முடிந்தது. அங்கே குழியும் இல்லை, குழாயும் இல்லை. ஊற்று மட்டும், அவர் காலையில் இருமுகிற மாதிரி, இருமிக்கொண்டிருந்தது. அவள் மண்ணை அள்ளி அடைத்தாள், பக்கத்தில் கசிந்தது. கல்லைப் புரட்டி வைத்தாள்; கல்லைச் சுற்றி வந்தது. ஒரு புட்டியில் பிடித்து வீட்டுக்கு ஓடினாள்.

"குடிங்க."

"என்னது, மருந்தா?"

"நீங்கதான். கேள்வி கேக்காம குடிங்க."

குடித்தார். மெத்தை கொஞ்சம் அமுங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதன்பிறகு தினமும் ஊற்றுத் தண்ணீர் குடித்தார்; போகிற அளவுக்கு உள்ளே வந்துகொண்டிருந்ததால் அவர் நிலைத்தார். ஆய்வறிக்கையில் மழை, மண், டிரைவர் என்று மூன்று பங்கும் அச்சேறின, யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வருஷத்தின் முதல் மழைக்கு ஓடை எல்லாவற்றையும் ஒரேயடியாக அடித்துக்கொண்டு போகும். அன்று அவள் குடங்களோடு காடேறிவிடுவாள். அவர் சட்டைப்பை நிறைய இரும்பு நட்டுகளைப் போட்டுக்கொண்டு, பக்கத்து ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வண்டியை எடுப்பார்.