அரை தெய்வசிகாமணி, சாப்பாட்டுக்குப் பின்

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து தெய்வசிகாமணி ஓர் அபாயகரமான மருந்து. அரசு உத்தரவு வந்துவிட்டது. அவரிடம் பேச்சுக் கொடுத்தவர்களுக்குக் கண் சொருகுகிறதாம். அப்புறம் வண்டி ஓட்டக் கூடாதாம்.

இத்தனை வருஷம் மெடிக்கல் ஷாப் நடத்துகிற மனுஷனுக்குச் சட்டம் தெரியாதா என்ன? தூக்க மாத்திரை வைக்கிற பூட்டு அலமாரிக்குள் தானே ஏறி, முழங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஊரில் வேறு எவன் பேச்சுக்கு இப்படி வீரியம்?

மருந்து ஆய்வாளர் அம்மாள் வந்து பார்த்தார்.

"பக்க விளைவு?"

"நடுவுல நிறுத்த மாட்டார் மேடம்," என்றாள் கடை பார்மசிஸ்ட் ரெஜினா.

"மேடம், சாயங்காலம் என் பொண்ணைப் பாக்க வர்றாங்க. நான் வீட்டுல இருந்தாகணும். மாப்பிள்ளைக்கு அப்பா வந்து..." என்று ஆரம்பித்தார் தெய்வசிகாமணி.

ஆய்வாளர் கொட்டாவி விட்டார். "டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் குடுக்காதீங்க," என்று சொல்லிப் போய்விட்டார்.

மதியம் மனைவி பூங்கோதை பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "ரெஜினா, இவரைக் குடும்மா. நேரமாச்சு."

"சீட்டு இருக்காக்கா?"

"எம் புருஷனுக்கு எதுக்குடி சீட்டு?"

"தெரிஞ்சவங்கன்னு குடுத்தா கடையை மூடிருவாங்க பூங்கோதை," என்றது அலமாரி. சொல்லி முடித்த பிறகுதான், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று அவருக்கு உறைத்தது.

பூங்கோதை போய்ச் சீட்டோடு திரும்பினாள். 'அரை. சாப்பாட்டுக்குப் பின்.'

"முழுசு வேணாமாம். மாப்பிள்ளையோட தாத்தாவுக்கு உடம்பு தாங்காதாம்."

ரெஜினா கத்தரிக்கோலை எடுத்தாள். மாத்திரை அட்டையை எப்படி நறுக்கினாலும் காலாவதித் தேதி இருக்கும் பக்கம் கடையிலேயே தங்க வேண்டும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். தேதி அவருடைய பிடரியில் இருந்தது.

"இடுப்போட நறுக்கட்டுமாக்கா?"

"ஐயோ, கை வேணுமே! வந்தவங்களைக் கும்பிடணும்ல. கழுத்துக்குக் கீழ பூராவும் குடு."

"அது அரைக்கு மேல ஆகுமே."

"வீரியம் பூரா வாயிலதானே இருக்கு?"

ரெஜினாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. நறுக்கினாள். வலிக்கவில்லை. பூங்கோதை பாக்கியைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். அது போகிற போக்கில் சட்டையை நீவி விட்டுக்கொண்டது.

சாயங்காலம் பூங்கோதையிடமிருந்து போன் வந்தது. ரெஜினா அதை அலமாரிப் பக்கம் நீட்டினாள்.

"முடிஞ்சிருச்சுங்க! தையிலேயே கல்யாணம்! பொண்ணோட அப்பா எவ்வளவு தன்மையான மனுஷன்னு சம்பந்தி மாஞ்சு மாஞ்சு போறாரு!"

தெய்வசிகாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அழுகையும் வந்தது. துடைக்கக் கை வீட்டில் இருந்தது. தான் இல்லாமலேயே இவ்வளவு நல்ல பெயரா என்று வயிறு எரிந்திருக்கும், அதுவும் வீட்டில்தான் இருந்தது.

"கல்யாணத்துக்காவது முழுசாச் சீட்டு வாங்கச் சொல்லும்மா ரெஜினா. வாசல்ல நின்னு நாலு வார்த்தை பேசணும்."

அவள் அவரைத் திருப்பி, பிடரியைப் படித்தாள்.

"கல்யாணம் தையிலதானே சார்?"

"ஆமா."

அவள் அவரைப் பழையபடி நேராக வைத்தாள்.

"பாக்கலாம் சார்," என்று கதவைச் சாத்திப் பூட்டினாள்.