பலித்துப்போன கணிப்பு

அடுத்த மூன்று வருடத்தில் வேலையாள் நிலைமை எப்படி மாறும் என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி குமாரவேல் கேட்டபோது நிர்மலாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியில் அவள் ஹெச்.ஆர். மேனேஜர். அதுவரை லீவு, பி.எஃப்., சண்டை சமாதானம் என்றே காலம் போயிருந்தது.

“வெளிய என்ன நடக்குதுன்னு பாரு கண்ணு. நாளைக்கு ஆளில்லாம முழிக்கக் கூடாது” என்றார்.

2007 தீபாவளி முடிந்த சமயம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பஸ்களில் இறங்கியவர்களைப் பார்த்தாள். மற்ற கம்பெனிகளில் விசாரித்தாள். தென் மாவட்டங்களில் நூறு நாள் வேலை பரவிக்கொண்டிருந்தது. புது மில்கள் வந்துகொண்டிருந்தன. இங்கே வாடகையோ ஏறிக்கொண்டே போனது. இரண்டு வருடத்தில் கம்பெனியில் வேலை பார்க்கும் தெற்கத்திக் குடும்பங்களில் பாதி ஊர் திரும்பிவிடும், இப்போதே ஒரிசாப் பையன்களைக் கொண்டுவந்து தங்க இடம் கொடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

குமாரவேல் யோசிக்கவே இல்லை. வேலைக்கு வருகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் இருந்த பின்கட்டு, அந்தப் பையன்களுக்கு ஹாஸ்டல் ஆனது. காப்பகத்துக்குப் பேருக்கு ஓர் அறை ஒதுக்கி, ஆயாவையும் நிறுத்திவிட்டார்கள். நிர்மலாவுக்கு உறுத்தியது. எப்படியும் போகப் போகிறவர்கள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

உசிலம்பட்டிக்காரி ஒச்சம்மாள், ஓவர்லாக் மிசினில் துணி ஓரம் தைக்கும் டெய்லர். மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுப் பார்த்தாள், சரிப்படவில்லை. சித்திரை பிறப்பதற்குள் கணக்கு முடிக்க வந்து நின்றாள்.

“ஊர்லயே வேலை கெடச்சிருச்சுங்களாக்கா?” என்றாள் நிர்மலா.

“அங்க என்ன மேடம் இருக்கு? இங்கிட்டே பிள்ளையப் படிக்க வைக்கணும்னுதேன் இருந்தோம். பாத்துக்க ஆளில்ல, என்ன செய்ய?”

“போற எண்ணமே இல்லீங்களா?”

“யாரு சொன்னா, போறோம்னு?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் நிர்மலாவுக்குத் தாங்கவில்லை. ஊரெல்லாம் விசாரித்தவள், மாடிப்படி இறங்கி இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த வருடமே பாதிக் குடும்பங்கள் போய்விட்டன.

“நீ சொன்னாப்பலயே ஆயிப்போச்சு பாத்தியா!” என்று குமாரவேல் பூரித்துப்போனார்.

“அவுங்களாப் போகலீங்க. நாமதானுங்க அனுப்பி வெச்சோம்.”

“அட, எப்படிப் போனா என்ன? மிசின் ஓடுதல்ல?” என்று செல்போனை எடுத்துக்கொண்டார்.

மிச்சமிருந்தவர்களுக்குச் சம்பளத்தை உயர்த்த அவரிடம் சம்மதம் வாங்கினாள் நிர்மலா; காப்பகத்தையும் மறுபடி திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அதற்கு இடமும் இல்லை, விடக் குழந்தைகளும் இல்லை என்றார் குமாரவேல்.

அடுத்த வருடமும் கணிப்பு கேட்டார். இம்முறை அவள் முதலில் ஹாஸ்டலுக்குத்தான் போனாள். ஹிந்தி தெரிந்த சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு, எத்தனை காலம் இங்கே இருப்பதாக உத்தேசம் என்று கேட்கச் சொன்னாள். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து கைகூப்பினான்.

“என்ன சொல்றான்?”

“வேலையை விட்டு எடுத்துராதீங்கன்னு கெஞ்சறானுங்க மேடம்.”

இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். அதை நேராக அவனிடமே, அவன் மொழியில் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.